சந்தேகமற்ற வளாகம்

எங்கள் பள்ளியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இது என் கருத்து இல்லை. வாசலில் 'பிளாஸ்டிக் இல்லா வளாகம்' என்று ஒரு பலகை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அதைவிட ஒரு முழம் பெரிய பலகையில் எழுதியிருக்கிறது: 'சந்தேகமற்ற வளாகம். தொடர்ந்து மூன்றாம் ஆண்டு.' முதல் பலகை பிளாஸ்டிக்கில் செய்தது. இரண்டாவதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பக்கத்து அறையில் அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கணக்குப் பிரிவில் வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டு. ஏழு கணக்கு. வெள்ளிக்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் ஏழையும் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பூஜ்யம். மூன்று பூஜ்யம் சேர்ந்தால் பொதுப் பிரிவு. பொதுப் பிரிவு என்பது சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டகை. அங்கே கணக்கு கிடையாது. கணக்கு இல்லாமல் நில அளவைப் படிப்புக்கு விண்ணப்பமே வாங்க மாட்டார்கள்.

எனக்கு நில அளவைதான் வேண்டும். ஒருநாள் சாலையோரத்தில் ஒரு அக்காவைப் பார்த்தேன். மூன்று கால் வைத்த ஒரு கருவிக்குப் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் கம்பு பிடித்திருந்தவர்களை 'இன்னும் கொஞ்சம் இடது' என்று கையசைத்து நகர்த்தினாள். மீசை வைத்த பெரிய பெரிய ஆட்கள் அவள் விரலுக்கு நகர்ந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் என் கையில் ஏற்கெனவே இரண்டு பூஜ்யம் இருந்தது.

போன வாரம் ஆறு கணக்கு முடித்துவிட்டேன். ஏழாவதுதான் இடித்தது. பத்து மீட்டர் ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சுவரை விட்டு விலகிச் சறுக்குகிறது. அடி சுவரிலிருந்து ஆறு மீட்டரில் இருக்கும்போது ஏணியின் நுனி என்ன வேகத்தில் இறங்கும்?

அப்பா பெயிண்டர். ஏணி என்ற சொல் காதில் விழுந்ததும் டிவியை அணைத்துவிட்டு வந்தார்.

"மேல ஆள் நிக்கிறானா?"

"கணக்குல அது போடலப்பா."

"கீழ பிடிச்சுக்கிறவன் எங்க போனான்?"

"அவனையும் போடல."

"அடியில சாக்கு கூட போடலயா? எவன்டா இந்த வேலையை எடுத்தது?"

"வேகம்தான்பா கேக்குறாங்க."

"வேகமா? கத்துறதுக்கு நேரம் இருக்காது. அதான் வேகம். எழுதிக்கோ."

அதற்குப் பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே நிற்கும் ஆளைப் பற்றிக் கவலை. எனக்கு என்னைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் கையைத் தூக்கினேன். கணக்கு மிஸ் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கையை இறக்குடி முதல்ல. சந்தேகமா?"

"ஆமா மிஸ். ஏழாவது கணக்குல..."

"மெதுவா பேசு. போன வருஷம் முழுக்க என் வகுப்புல ஒரே ஒரு சந்தேகம். எந்த சுவிட்ச் எந்த ஃபேனுக்குன்னு ஒருத்தன் கேட்டுட்டான். அதுக்கே மெமோ கொடுத்தாங்க."

"ஒரே ஒரு வரிதான் மிஸ்."

"ஒரு வரியோ ஒன்பது வரியோ, அதுக்குன்னு மையம் இருக்குல்ல? நானே சொல்லிக்கொடுத்துட்டா மையம் எதுக்குன்னு கேப்பாங்க."

"இப்ப நீங்க எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா மிஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது ஒட்டடை. முழுப் பட்டம் ஒட்டடைக்குச்சி. உட்கார்ந்திருக்கும்போதே மற்றவர்கள் நிற்கும் உயரம் இருப்பான். கணக்கில் நூற்றுக்கு நூறு, மற்றதில் எல்லாம் கடவுள் விட்ட வழி. மிஸ் அவனை எழுந்து நிற்கச் சொன்னார். ஃபேன் இறக்கை இடிக்கும் என்று சொல்லிக் குனிந்தபடியே நின்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஐயம் தீர்க்கும் மையம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பள்ளியிலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். கண்ணாடிக் கதவு, சோபா, பிளாஸ்டிக் பூ. வரவேற்பு மேசையில் ஒரு அக்கா நகத்துக்குச் சாயம் பூசிவிட்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்த?"

"சந்தேகம் கேக்கணும்கா."

"இங்க சந்தேகம் கேக்குறது கிடையாது. பதியறதுதான். இந்தா."

நான்கு பக்கப் படிவம். சந்தேகம் முதன்முதலில் தோன்றிய தேதி, நேரம். சந்தேகம் சிறியதா, நடுத்தரமா, பெரியதா. இந்தச் சந்தேகம் இல்லாமல் இருக்க முயன்றீர்களா, ஆம் எனில் எத்தனை நாட்கள். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இதே சந்தேகம் உண்டா. இதற்கு 'அப்பா' என்று எழுதினேன். அவரையும் டோக்கன் எடுத்து உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து அடித்தேன். அடித்தால் வேறு படிவம். மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுதினேன்.

கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. 'விண்ணப்பதாரருக்கு மேற்படி விஷயம் தெரியாது என்பதை நான் நேரில் அறிவேன்.'

வராண்டாவில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒட்டடைதான் தாளைப் பிடுங்கிச் சுவரில் வைத்துப் போட்டான்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுத்துல கொடுக்க எத்தனை வருஷமா காத்திருந்தேன் தெரியுமா? இன்னொரு காப்பி எடுத்து எனக்குக் கொடு. வீட்டுல மாட்டிக்கிறேன்."

"சிரிக்காதடா. மூணாவது பூஜ்யம் வந்தா நான் கொட்டகைக்குப் போயிடுவேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "மையத்துல சொல்லலன்னா என்கிட்ட வா" என்றான். மையம் எதற்கு இருக்கிறது, அங்கேயே சொல்லுவார்கள் என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

உதவியாளர் இருபத்தைந்து வயது அண்ணன். டை கட்டியிருந்தார். 'உங்களுக்கு உதவவே நான்' என்று சட்டையில் பேட்ஜ். நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் உட்கார வைத்ததில்லை.

"சொல்லும்மா."

"ஏணியோட அடி சுவர்லேர்ந்து x தூரம், நுனி y உயரம். x வர்க்கம், y வர்க்கம், கூட்டினா நூறு. அது வரைக்கும் போட்டேன். அதுக்கப்புறம் தெரியலண்ணா."

"அருமை. அதுக்கப்புறம் என்னன்னு நீ நினைக்கிற?"

"தெரியல."

"தெரியலன்னு ஏன் நினைக்கிற?"

"தெரியாததாலதான்."

"ரொம்ப நல்லா யோசிக்கிற." ஏதோ எழுதிக்கொண்டார். "அந்தத் தெரியாமை எப்படி இருக்கு?"

முட்டுச் சந்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இப்படியே இருபது நிமிடம் போனது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அண்ணா, அடுத்த வரி என்னன்னு மட்டும் சொல்லிடுங்களேன்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சுவரில் இருந்த விதிகளில் நான்காவதைப் பேனாவால் காட்டினார். 'மாணவருக்குத் தெரியாத எதையும் உதவியாளர் கூறலாகாது.'

"உனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னா அது உதவி. தெரியாததைச் சொன்னா அது காப்பி. புரியுதா?"

"தெரிஞ்சதுக்கு எதுக்குண்ணா உதவி?"

"அதான் மையத்தோட சிறப்பு" என்றார். படிவத்தில் 'முயற்சி போதாது' என்று முத்திரை குத்தினார். அறுபது சதவீதமாவது நானே போட்டுக்கொண்டு வர வேண்டுமாம்.

அன்று ராத்திரி நானே போட்டேன். கேட்டது ஆறு மீட்டரில்தானே என்று x இருந்த இடத்தில் ஆறு போட்டேன். அப்படியானால் y எட்டு. முப்பத்தாறும் அறுபத்துநாலும் கூட்டினால் நூறு. பிறகு வகையிட்டேன். வெறும் எண்களை வகையிட்டால் என்ன வரும்? பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வந்தது. என் கணக்குப்படி ஏணி அசையவே இல்லை. அப்பாவிடம் காட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

புதன்கிழமை உதவியாளர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"முயற்சி இருக்கு. ஆனா தப்பா இருக்கு. தப்பான முயற்சிக்கு நான் உதவினா தப்புக்கு உதவின மாதிரி ஆயிடும்."

"அப்ப சரியா போட்டுட்டு வரணுமா?"

"கண்டிப்பா."

"சரியா போட்டா எதுக்கு வரணும்?"

இரண்டாவது முத்திரையையும் குத்திவிட்டு, "பாராட்டுவோம்" என்றார். பொய் சொல்லக்கூடாது, உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னார்.

நான் அழ ஆரம்பித்தேன். அழுகைக்கு விதி இல்லாததால் என்னை ஒருங்கிணைப்பாளரிடம் கூட்டிப்போனார்கள். ஒருங்கிணைப்பாளர் தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார். காதிலும் கொஞ்சம் பட்டிருந்தது. மேசை மேல் மூன்று வருஷத்துக் கேடயங்கள்.

"உக்காரும்மா. இந்த மையம் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன நிலைமை தெரியுமா? சந்தேகம் தெருநாய் மாதிரி திரிஞ்சுது. வராண்டாவுல சந்தேகம், தண்ணிக்குழாய்கிட்ட சந்தேகம். யார் வேணா யாரை வேணா கேப்பாங்க. அவங்களும் பட்டுனு சொல்லிடுவாங்க. அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துபோயிடும். ஒரு ரெக்கார்டு கிடையாது, ஒரு கையெழுத்து கிடையாது. எல்லாம் அப்படித் தீர்ந்துபோனா நாங்க எதை வச்சு ரிப்போர்ட் எழுதுறது சொல்லு?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்ப பாரு. நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு சந்தேகம் பதிஞ்சிருக்கு. நாலாயிரத்து நூத்திப் பன்னண்டும் தீர்ந்திருக்கு."

"எப்படி சார்?"

"மூணு நாளுக்குள்ள திரும்பி வரலன்னா தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்."

"திரும்பி வந்தா சார்?"

"அது புதுச் சந்தேகம். பழசு தீர்ந்துடுச்சு." தண்ணீர் குடித்தார். "எங்க உதவியாளர்கள் யாரும் இதுவரைக்கும் ஒரு பிள்ளைக்குக் கூட ஒரு வரி சொல்லிக்கொடுத்தது கிடையாது. அவ்வளவு நேர்மை. நாளைக்கு ஆய்வுக் குழு வருது. நீ பத்து மணிக்கு வந்துடு. உன்னைப் பார்த்தா உண்மையிலேயே சந்தேகம் இருக்கற முகம் மாதிரி இருக்கு."

வியாழக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். என்னை உதவியாளர் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையில் பேனாவைக் கொடுத்து, என் நோட்டைத் தொடாமல் தொடுகிற மாதிரி வைக்கச் சொன்னார்கள். "அழக்கூடாது, சிரி" என்றார் போட்டோக்காரர். "ரொம்பச் சிரிக்காத, சந்தேகம் போயிட்ட மாதிரி இருக்கு" என்றார் ஒருங்கிணைப்பாளர். பதினோரு தடவை எடுத்தார்கள்.

குழுவில் வயதான ஒருவர் மட்டும் குனிந்து நோட்டைப் பார்த்தார்.

"நல்ல கணக்கா இருக்கே. இது எப்படிப் போடணும்?"

உதவியாளர் விதிப்பலகையைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் முகம் மலர்ந்து, "சார், உங்களுக்கு ஒரு படிவம் கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார்.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்." அவரை பிஸ்கட் இருந்த பக்கம் அழைத்துப்போனார்கள். நான்காம் ஆண்டும் கேடயம் உறுதி என்று பேசிக்கொண்டார்கள்.

என் முயற்சி இன்னமும் போதவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி.

மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டுக்குப் போனேன். ஒட்டடை தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நோட்டை நீட்டினேன். பூஜ்யம் சமம் பூஜ்யத்தைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. கையை நக்கித் துடைத்துவிட்டு என் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துச் சுவரில் சாய்த்தான்.

"கீழ இழுக்கறேன். மேல என்ன ஆகுது?"

"இறங்குது."

"அப்ப x மாறுது, y மாறுது. எதனால?"

"நேரம் போறதால."

"அவ்வளவுதான்டி. நீ முதல்லயே ஆறுன்னு போட்டு ஏணியை ஆணி அடிச்சு நிறுத்திட்ட. மாறுறதை மாற விடு. அப்படியே நேரத்தைப் பொறுத்து வகையிடு. அப்புறம் போடு ஆறை."

போட்டேன். இரண்டு x, அதோடு x மாறும் வேகம். கூட்டல் இரண்டு y, அதோடு y மாறும் வேகம். சமம் பூஜ்யம். இப்போது x ஆறு, y எட்டு, x மாறும் வேகம் ஒன்று. பன்னிரண்டு கூட்டல் பதினாறு மடங்கு ஏதோ ஒன்று சமம் பூஜ்யம். அந்த ஏதோ ஒன்று, மைனஸ் முக்கால்.

"மைனஸ் ஏன்டா?"

"இறங்குதுல்ல."

ஸ்கேலை நானே சாய்த்து மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தேன். அது இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒரு வேகம் இருந்தது. அதை நான் சொல்லிவிடலாம் போலிருந்தது. மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அவன் திரும்ப டப்பாவை எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஏழும் கொடுத்தேன். ஏழும் சரி.

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள்.

ஒருங்கிணைப்பாளர், உதவியாளர், குறிப்பெடுக்க வரவேற்பு அக்கா. மேசை மேல் என் படிவம், என் வீட்டுப்பாடம்.

"ஏழாவது கணக்கு சரியா இருக்கு" என்றார் ஒருங்கிணைப்பாளர், வீட்டில் சாவு விழுந்த மாதிரி. "மையத்துல உன் சந்தேகம் தீரல. ரெண்டு முத்திரை இருக்கு. மையம் தீர்க்காத சந்தேகம் எப்படித் தீர்ந்துச்சு?"

"நானே யோசிச்சேன் சார்."

"அப்ப செவ்வாய்க்கிழமை நீ கொடுத்தது பொய்ச் சந்தேகம். தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு பதிஞ்சிருக்க. சாட்சி வேற வச்சிருக்க. அதுக்குத் தண்டனை பொதுப் பிரிவு."

"இல்ல சார், செவ்வாய்க்கிழமை நிஜமாவே தெரியாது."

"அப்ப யாரோ சொல்லியிருக்காங்க. அது அனுமதியற்ற தெளிவு. அதுக்கும் பொதுப் பிரிவு. ஆனா யார் சொன்னாங்கன்னு எழுதிக்கொடுத்துட்டா, தெளிவு வாங்கினவங்களை மன்னிச்சிடுவோம். கொடுத்தவங்கதான் குற்றவாளி."

எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போதும் அது நல்ல யோசனைதான் என்று தோன்றுகிறது.

"சார், மையம்தான் சொல்லிக்கொடுத்துச்சுன்னு எழுதிடறேனே. உங்களுக்கும் நல்ல பேரு."

உதவியாளர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "சார், சத்தியமா நான் எதுவுமே சொல்லல சார். எனக்கு அந்தக் கணக்கே தெரியாது சார்."

"தெரியும்பா, உக்காரு. உன்னை யாராவது சந்தேகப்படுவாங்களா?" என் பக்கம் திரும்பினார். "என்ன வார்த்தை சொல்லிட்ட? ஒரு பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துட்டோம்னு வெளிய தெரிஞ்சா மூணு வருஷப் பேரும் போச்சு."

தாளை என் முன்னால் வைத்தார். தலைப்பு: 'அனுமதியற்ற தெளிவு - வாக்குமூலம்.' கீழே ஐந்து கோடுகள்.

"பயப்படாதம்மா. அவனுக்கும் முதல் தடவைன்னா பொதுப் பிரிவோட விட்டுடுவோம். ரெண்டாவது தடவைதான் டி.சி. கொடுத்து அனுப்புவோம். கல்நெஞ்சக்காரங்க கிடையாது நாங்க."

"வேற வழி இருக்கா சார்?"

"இருக்கு. எழுதாம இரு. கொட்டகையில இடம் இருக்கு."

அந்த அக்கா நினைவுக்கு வந்தாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றவள். கொட்டகையின் தகரமும் நினைவுக்கு வந்தது. ஒட்டடையும் வந்தான். யார் முதலில் வந்தார்கள் என்று நீங்கள் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் மூன்றாவதாகத்தான் வந்தான்.

எழுத ஆரம்பித்தேன். "படிப்படியா எழுது, தெளிவா இருக்கட்டும்" என்றார். பெயர் மட்டும் எழுதியிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. பயத்தில் கை நிற்கவில்லை. வியாழக்கிழமை, மதிய இடைவேளை, ஆய்வகப் படிக்கட்டு, கீழேயிருந்து ஐந்தாவது படி, தயிர்சாதம், முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், நான்கு நிமிடம். மையத்தில் சொல்லாவிட்டால் தன்னிடம் வரும்படி செவ்வாய்க்கிழமையே சொன்னான் என்பதைக்கூட எழுதினேன். ஐந்து கோடு போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினேன். ஏணியின் நுனி முக்கால் மீட்டர் இறங்கும் என்று விளக்கினான் என முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"என்ன கையெழுத்து!" என்றார் ஒருங்கிணைப்பாளர். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று வரவேற்பு அக்காவிடம் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. கணக்கு மிஸ் அந்தப் பக்கம் பார்க்காமலே பாடம் நடத்தினார். அதற்கு முந்தைய வாரம்வரை எங்கள் வகுப்பில் ஒருவரிடம் ஒருவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்போம். இப்போது மணி என்ன என்று கேட்டால்கூட அவரவர் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்கள். முக்கியமாக நான் கேட்டால்.

என் வாக்குமூலத்தை மாதிரித் தாளாக லேமினேஷன் செய்து மையத்தின் கண்ணாடிக் கதவில் வெளிப்பக்கமாக ஒட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கத்தை நகலெடுத்து ஒன்று. அவன் பெயர் வரும் இடங்களில் எல்லாம் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறார்கள், பையனின் எதிர்காலம் கருதி. என் பெயரை மறைக்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்குமாம்.

இன்றைக்கு மத்தியானம் நான் மையத்தில்தான் இருந்தேன். இந்த வாரத்து மூன்றாவது கணக்கு வரவில்லை. கேட்க வேறு யாரும் இல்லை. டோக்கன் எடுத்து சோபாவில் உட்கார்ந்திருந்தேன். வரவேற்பு அக்கா இப்போதெல்லாம் என்னிடம் நன்றாகப் பேசுகிறாள்.

"உன்னோட தாளைப் பார்த்தா எவ்வளவு திருப்தியா இருக்கு. அந்த ஒட்டடை இருக்கானே, அவனுக்கும் இதே தாளைத்தான் கொடுத்தோம். உனக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

"அவனுக்கா? எதுக்குக்கா?"

"யார் வந்து கேட்டாங்கன்னு எழுதச் சொல்லி. சாட்சி போட்டவன் அவன்தானே, அவன் மேல முதல்லயே சந்தேகம். நீயாத் தேடி வந்து கேட்டன்னு ஒரு வரி எழுதிட்டா அவனை விட்டுடறோம்னு சார் எவ்வளவோ சொன்னாரு. முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தான். ஒரு எழுத்து எழுதல. வெத்துத் தாளை அப்படியே மடிச்சுக் கொடுத்துட்டு, டாய்லெட் போகலாமான்னு கேட்டான். இதுங்க எல்லாம் எங்க உருப்படும்?"

டோக்கன் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தி ஒன்று.

அப்போது கண்ணாடிக்கு வெளியே அவன் வந்தான். கொட்டகைப் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்க இந்த வராண்டா வழியாகத்தான் போக வேண்டும். கையில் இரண்டு பாட்டில். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும் நின்றான். முதுகை வளைத்து முதல் வரியிலிருந்து படித்தான். பின்பக்கத்தையும் படித்தான். நான் சோபாவில் ஒட்டிக்கொண்டு, அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து முறைக்க வேண்டும், கண்ணாடியைக் குத்த வேண்டும், ஏதாவது ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

நிமிர்ந்தான். கடைசி வரியில் விரலால் தட்டினான். 'முக்கால் மீட்டர்' என்று இருந்த இடம். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, எனக்குப் புரியும்படி உதட்டை மட்டும் அசைத்தான்.

"நொடிக்கு."

வேகம் அல்லவா கேட்டார்கள். நொடிக்கு முக்கால் மீட்டர். நான் வெறும் மீட்டர் என்று எழுதியிருந்தேன். அதைச் சொல்லிவிட்டுப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

உதவியாளர் தன் நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பறையைத் திறந்து அதே வாக்குமூலத் தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

"உன்கிட்ட ஏதோ சொன்னானே, இது ரெண்டாவது தடவை. என்னம்மா அது?"

ஐந்து கோடுகள். போன தடவை எனக்கு அவை போதவில்லை. இந்தத் தடவை மூன்றிலேயே முடித்துவிட்டேன்.